கயத்தாற்றில் இறங்கிய தண்டு

ஒரு மூட்டை அரிசி எத்தனை பேருக்கு எத்தனை நாள் வரும் என்று மனசுக்குள் போட்டுப் பார்ப்பது தொழில் எனக்குக் கொடுத்த பழக்கம். கயத்தாற்றில் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் சோளமும் வாங்கி விற்கும் கமிஷன் கடையில் கணக்கு எழுதியே என் வயது போனது. கடைக்கு வரும் வெளியூர் வியாபாரிகள் சரக்கைப் பார்த்த கையோடு, “கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இடம் எது அண்ணாச்சி?” என்று கேட்பார்கள். வழி சொல்வேன். அந்த நிலத்தை நடிகர் சிவாஜி கணேசன் தம் பணத்தில் வாங்கி 1970-இல் சிலை வைத்ததையும், அதற்கு முந்தி அந்த வழியாகப் போனவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுக் கும்பிட்டுப் போனார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் சொல்வேன்.

கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காலத்திலெல்லாம் எனக்குள் ஓடிய கேள்வி வேறு. கடல் பல தாண்டி வந்த கிழக்கிந்தியக் கம்பெனி, இந்தக் கரிசல் காட்டில் ஆயிரக்கணக்கான ஆட்களைக் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் நிறுத்தியதே, அவர்களுக்குச் சோறு யார் போட்டது? மாட்டுக்குத் தட்டை எங்கிருந்து வந்தது? குடிக்கத் தண்ணீர்? காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் யார்? போர் என்றால் நாம் கோட்டைச் சுவரையும் தூக்குமரத்தையும் மட்டும் பேசுகிறோம். அந்தப் போரை மாதக்கணக்கில் நடத்திக் கொடுத்த ஏற்பாட்டில் பாதிக்கு மேல் நம் ஊர்த் தவசமும் நம் ஊர் ஆட்களும்தான். அதைப் பேசாமல் விட்டால் நம் முன்னோர் பலர் சரித்திரத்திலிருந்தே விடுபட்டுப் போகிறார்கள் என்பது என் கவலை.

எனக்குத் துணையாக இருந்தவை இரண்டு புத்தகங்கள். ஒன்று, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரம். மற்றொன்று, 1801 போரில் கம்பெனிப் படை அதிகாரியாக இங்கே நேரில் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ், 1830-இல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட படைநினைவுகள். இரண்டும் வெள்ளைக்காரர் எழுதியவை. ஆனாலும் கணக்கன் கண்ணோடு படித்தால், அவர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன இடங்களில் நம் ஆட்கள் தெரிவார்கள்.

முதலில் ஊரின் இருப்பைச் சொல்லிவிடுகிறேன். கயத்தாற்றுக்குத் தெற்கே பாளையங்கோட்டை, கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி, வடகிழக்கே எட்டயபுரம், வடமேற்கே சங்கரன்கோவில். நான்கும் ஏறக்குறைய பதினெட்டு முதல் இருபத்தைந்து மைலுக்குள். பீரங்கியும் பொதிமாடும் இழுத்துக்கொண்டு போகும் படை அந்தக் காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தால் அதிகம். ஆக, கயத்தாற்றிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் இரண்டு நாள் நடை. மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் பெருவழியும் ஊரைத் தொட்டுப் போகிறது. பழைய கோட்டை ஒன்றும் இங்கே இருந்தது. இப்போது நாற்கரச் சாலையில் லாரிகள் ஓடுவதும், காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையம் இங்கே அமைந்திருப்பதும் ஊர் வெட்டவெளியில் விரிந்து கிடப்பதால்தான். 1799-இலும் 1801-இலும் கம்பெனிக்காரன் கண்ணில் பட்டதும் அதே வெட்டவெளிதான். படைத் தண்டு இறக்க இதைவிடத் தோதான இடம் இந்த வட்டாரத்தில் இல்லை.

இந்தத் தண்டின் தலைமையிடம் பாளையங்கோட்டை. அங்கே கோட்டைக்குள் கம்பெனியின் காவற்படை நிரந்தரமாக இருந்தது. ஆர்க்காட்டு நவாபுக்குச் சேர வேண்டிய பாளையக்காரர் கப்பத்தைத் தானே வசூலிக்கும் உரிமையை 1792 ஒப்பந்தத்தால் கம்பெனி எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் காவற்படைக்கு வேலை கூடியது. வசூலுக்குப் பின்னால் துப்பாக்கி நின்றது. கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனைப் பேட்டிக்கு வரச் சொல்லிவிட்டு, குற்றாலத்திலிருந்து ஊர் ஊராக முகாம் மாற்றி இராமநாதபுரம் வரை இழுத்தடித்ததும், 1798 செப்டம்பரில் அங்கே நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டதும், அதன்பின் ஜாக்சனின் பதவி போனதும் பலர் அறிந்த கதை. அடுத்து வந்த லூஷிங்டன் காலத்தில்தான் போர் மூண்டது.

வெள்ளைக்காரப் படை என்று நாம் சொன்னாலும் அதில் வெள்ளைத்தோல் கொஞ்சம்தான். அதிகாரிகள், பீரங்கிக்காரர்களில் ஒரு பகுதி, எப்போதாவது வந்து சேரும் ஐரோப்பியப் படைப் பிரிவுகள். மற்றவர்கள் சென்னை ராஜதானியின் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் தக்கனி உருதும் பேசியவர்கள். முஸ்லிம்களும், பல சாதி இந்துக்களும், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களும் அந்த நாளில் ஒரே பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார்கள். நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் வரை நம் ஆட்கள் உயரலாம். அதற்கு மேலே கதவு மூடியிருந்தது. சாதாரணச் சிப்பாய்க்குச் சம்பளம் மாதம் 2 வராகன், ரூபாய்க் கணக்கில் 7. களத்துக்குப் புறப்பட்டால் ‘பத்தா’ என்று கூடுதல் படி. அந்தப் பணத்தில் அவன் தன் அரிசியைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். விலை ஏறிவிட்டால்தான் கம்பெனி அரிசியில் கை கொடுக்கும்.

சென்னைச் சிப்பாய்க்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. வங்காளத்துச் சிப்பாய் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வருவான். சென்னைச் சிப்பாயின் பெண்டாட்டி பிள்ளைகள், சில சமயம் தாய் தகப்பன்கூட, படைக் குடியிருப்பிலேயே இருந்தார்கள். பட்டாளம் ஊர் மாறினால் குடும்பங்களும் சட்டி பானையோடு பின்னால் நடக்கும். அந்தச் சிப்பாயும் கடல் கடந்து போனவன்தான். 1762-இல் மணிலாவுக்கும், 1795-96-இல் இலங்கைக்கும், 1811-இல் ஜாவாவுக்கும் சென்னைப் பட்டாளங்கள் கப்பலேறின. லண்டனிலிருந்து வந்தவனுக்குப் பாளையங்கோட்டை கடல்கடந்த காவல். பாளையங்கோட்டையில் சேர்ந்தவனுக்குக் கொழும்பும் ஜாவாவும் கடல்கடந்த காவல்.

அந்தக் காவற்படை வாழ்க்கையின் ஒரு துண்டு இன்றும் பாளையங்கோட்டையில் கண்ணுக்குத் தெரிகிறது. குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்ற மராட்டியப் பிராமண விதவை, லிட்டில்டன் என்ற கம்பெனிப் படை அதிகாரியோடு இங்கே வந்து வாழ்ந்தார். அந்த உறவைக் காட்டி முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. லிட்டில்டன் இறந்தபின், 1778-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்தார். குளோரிந்தா கட்டிய சிறு கோயிலை 1785-இல் அதே சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதற்குப் பாப்பாத்தி கோயில் என்று பெயர் வைத்தார்கள். அவர் வெட்டிய கிணறு பாப்பாத்தியம்மாள் கிணறு. திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்ட் சபைச் சரித்திரம் அவரிலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு படைமுகாமின் ஓரத்தில், எந்தப் பதிவேட்டிலும் மனைவி என்று எழுதப்படாமல் வாழ்ந்த பெண்மணி அவர். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஊர் நினைவில் வைத்திருப்பது அவரைத்தான். அந்த அதிகாரியை அவர் பேரைச் சொல்லித்தான் நாம் அறிகிறோம்.

1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கித் தோற்றார். அதிகாரிகள் சிலர் அங்கேயே விழுந்தார்கள். கூடுதல் படை வருவதற்குள் கட்டபொம்மன் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டு வெளியேறினார். அவருடைய அமைச்சர் தானாபதிப் பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தார்கள். பிறகு அக்டோபர் 16, கயத்தாறு.

அன்று இங்கே நடந்ததைப் பானர்மேன் மறுநாள் எழுதிய கடிதம் சொல்கிறது. மற்ற பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து உட்காரவைத்து, அவர்கள் கண்முன்னேதான் விசாரணை. கட்டபொம்மன் கலங்கவில்லை. எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி ஏளனமாகப் பார்த்தார். தூக்குமரத்துக்கு நடந்தபோதும் இருபுறமும் இருந்தவர்களை இகழ்ச்சியாகப் பார்த்தபடி நிமிர்ந்தே போனார். கொன்றவனே எழுதிவைத்த சாட்சியம் இது. பழைய கோட்டைக்கு அருகே எல்லோர் பார்வையும் படும்படியான இடத்தில் தூக்கிலிட்டதாகக் கால்டுவெல் எழுதுகிறார்.

அடுத்து நிர்வாகம் தொடங்கியது. கோட்டைகளை இடிக்க வேண்டும், துப்பாக்கி முதல் ஈட்டி வரை ஒப்படைக்க வேண்டும், மீறினால் மரணம் என்று அந்த மாதமே பானர்மேன் அறிவிப்பு வெளியிட்டார். தமிழில் எழுதி, உலோகத் தகட்டில் பொறித்துப் பாளையங்கள்தோறும் வைக்க உத்தரவிட்டார். ஐப்பசி பிறந்துவிட்டது. அடைமழை பிடித்தால் கரிசலில் வண்டிச்சக்கரம் அச்சாணி வரை இறங்கிவிடும், பீரங்கியை யானை கட்டி இழுத்தாலும் வராது. மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அந்தத் தேதிகளில் தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. கரிசலில் மழை நாளில் மூட்டை ஏற்றியவனுக்கு இது உடனே விளங்கும்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உறவினர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் விலங்கோடு கிடந்தார்கள். 1801 தொடக்கத்தில் சிறையில் பெரியம்மை பரவியது. அம்மை கண்டவர்களின் விலங்கைக் கழற்றினார்கள். பிப்ரவரி 2-ஆம் தேதி மாலை, படையின் பெரும்பகுதி சங்கரன்கோவிலில் இருந்தது. பாளையங்கோட்டை வெள்ளைக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக இருபது பேர்போல, மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்தில் இருந்தார்கள். விறகு விற்பவர்கள்போல உள்ளே நுழைந்த ஆட்கள் காவலர்களை அடக்கி, சிறையில் இருந்தவர்களை விடுவித்துக்கொண்டு போனார்கள். விடிவதற்குள் முப்பது மைல் நடந்து பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்தார்கள் என்று வெல்ஷ் வியந்து எழுதுகிறார். அந்த விருந்து வீட்டுக்குள் புகுந்திருந்தால் அத்தனை பேரும் செத்திருப்போம் என்பதும் அவர் ஒத்துக்கொள்வதுதான். புகவில்லை. அவர்கள் போனது கோட்டை கட்ட.

இடித்துத் தரைமட்டமாக்கிய இடத்தில் ஒரு வாரத்துக்குள் மண்கோட்டை எழுந்துவிட்டது. ஐந்நூறு அடி நீளம், முந்நூறு அடி அகலம், சுற்றி முள்வேலி. பிப்ரவரி 9-ஆம் தேதி போய்ப் பார்த்த மெக்காலேயின் படை, எதிரே நின்ற கூட்டத்தையும் கோட்டையையும் கண்டு பாளையங்கோட்டைக்கே திரும்பியது. அதன்பின் கூடுதல் படைகள் வரவர, அவை திரண்டது கயத்தாற்றில்.

இங்கேதான் என் கணக்கு நோட்டை எடுக்கிறேன். இது ஏட்டில் உள்ள கணக்கல்ல, நான் போட்டுப் பார்த்தது. தண்டில் போர் செய்பவர்கள் 3,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலப் படையில் ஒரு வீரனுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் நடந்தார்கள். கூடாரம் அடிக்கும் லஸ்கர்கள், டோலி தூக்குகிறவர்கள், பீரங்கி மாட்டுக்காரர்கள், புல் அறுப்பவர்கள், தோல்பையில் தண்ணீர் சுமப்பவர்கள், சமையல்காரர்கள், வண்ணார், நாவிதர், செருப்புத் தைப்பவர்கள், சிப்பாய்க் குடும்பங்கள், கடைக்காரர்கள். ஆளுக்கு இருவர் என்றே வைத்தாலும் மொத்தம் 9,000 வாய். தலைக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசியோ தவசமோ என்றால் 6,750 கிலோ. இன்றைய 75 கிலோ மூட்டையில் 90 மூட்டை. ஒரு நாளைக்கு! பொதிமாடு ஒன்று ஒரு மூட்டை சுமக்கும் என்றால் தினமும் 90 மாடு வந்து இறங்க வேண்டும். பத்து நாள் கையிருப்பு வைத்துக்கொண்டு நகர வேண்டுமானால் 900 மாடு. அந்த மாடுகளுக்குத் தட்டை வேண்டும், பிண்ணாக்கோ பருத்திக்கொட்டையோ வேண்டும், தண்ணீர் வேண்டும். பீரங்கி இழுக்கும் மாடுகள் இதில் சேரவில்லை. குதிரைகளுக்குக் கொள்ளு தனி.

கயத்தாறு வட்டாரம் நெல் விளையும் பூமியல்ல. இங்கே கம்பும் சோளமும் பருத்தியும் பயறும்தான். நெல் வேண்டுமென்றால் தாமிரபரணிக் கரைக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் பாளையங்கோட்டைப் பாதை கம்பெனிக்குத் தொப்புள்கொடி. அது அறுந்தால் கயத்தாற்றுத் தண்டு இரண்டு வாரம் தாங்காது. ஆற்றங்கரைக் காவல் இடங்களை ஊமைத்துரை ஆட்கள் குறிவைத்ததற்குக் காரணமும் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்ரீவைகுண்டம் கோயிலுக்குள் கம்பெனியின் சிறு காவற்படை ஒன்று இருந்தது. கனத்த கல்மதில் எங்கே இருந்ததோ அங்கே பட்டாளத்தை இறக்கிவிடுவது கம்பெனியின் வழக்கம், கோயிலென்றும் பார்ப்பதில்லை. அந்தக் காவலை முற்றுகையிட்டார்கள். தூத்துக்குடியையே பிடித்தார்கள். அங்கே சிக்கிய வெள்ளைக்கார அதிகாரியை, அவர் மனைவி வந்து மன்றாடியதும் விட்டுவிட்டார்கள் என்று கால்டுவெல் பதிந்திருக்கிறார். துறைமுகத்தையும் ஆற்றங்கரையையும் ஒருசேர இறுக்கினால் கரிசலில் நிற்கும் தண்டின் வயிறு காயும். இது தெரிந்தவன் போட்ட திட்டம். படிக்காத காட்டு ஜனம் என்று வெள்ளைக்காரர் எழுதியதை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இது ஒன்றே போதும்.

தண்டுக்குள் தனிக் கடைவீதி ஒன்று இருக்கும். படை நகர்ந்தால் அதுவும் நகரும். கொத்வால் என்ற அதிகாரி எடை, விலை, சண்டை சச்சரவு எல்லாவற்றையும் பார்ப்பார். அரிசிக் கடை, புகையிலைக் கடை, எண்ணெய்க் கடை, காசு மாற்றித் தரும் சராப்பு. வராகனும் பணமும் ரூபாயும் காசும் ஒரே சந்தையில் புழங்கிய காலம் அது. சம்பளம் தாமதமானால் சிப்பாய் கடன் சொல்லுவான், வியாபாரி விலையைக் கூட்டுவான். ஐரோப்பியச் சிப்பாய்க்குத் தினமும் சாராயம் அளந்து கொடுக்கப்பட்டது. அதை ஏற்றி வந்ததும் மாட்டின் முதுகில்தான்.

தண்ணீரை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. மாசியில் ஊருணியிலும் குளத்திலும் கொஞ்சம் கிடக்கும். பங்குனி கடைசியில் சேறு. சித்திரையில் வெடிப்பு விட்ட தரை. ஆயிரக்கணக்கான மனிதரும் மாடும் ஓர் ஊர் ஊருணியில் இறங்கினால் அது எத்தனை நாள் தாங்கும்? அந்த நாட்களில் கயத்தாற்றுப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கே போனார்கள் என்று எந்த அதிகாரியும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் கோடையில் தண்ணீருக்கு நடந்த பாட்டிமார்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். படை வந்து இறங்கியபோது அந்த நடை எத்தனை மடங்கு கூடியிருக்கும் என்பதுதான் எனக்கு அந்தப் போரின் முதல் கணக்கு.

மார்ச் கடைசியில் தண்டு கயத்தாற்றை விட்டுக் கிளம்பியது. 31-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சித் தாக்குதல். பீரங்கி உடைத்த சுவரின் மேல் ஏறியவர்களை உள்ளிருந்து நீண்ட ஈட்டிகள் குத்தித் தள்ளின. முன்னணியில் போன ஐரோப்பியர்களில் பெரும்பகுதி செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். கம்பெனி தோற்றது. தோற்றபின் ஊர் திரும்பவும் முடியாமல், கோட்டைக்கு ஒரு மைல்போலத் தள்ளி முகாம் போட்டு, ஏப்ரலும் மே மாதத்தின் முக்கால் பங்கும் உதவிக்காகக் காத்துக் கிடந்தது. மரநிழல் இல்லாத காட்டில் அக்கினி நட்சத்திர வெயில். கம்பளித் துணியில் சிவப்புச் சட்டை. டோலியில் காயக்காரர்கள். அவர்களைச் சுமந்து பாளையங்கோட்டைப் பாதையில் நடந்த ஆட்களுக்குப் படி எவ்வளவு கிடைத்தது, வழியில் மடக்கப்பட்டால் அவர்கள் கதி என்ன என்பதையெல்லாம் நாம்தான் கேட்க வேண்டும்.

எட்டயபுரத்து ஆட்கள் கம்பெனிப் பக்கம் நின்றார்கள். அதை ஒற்றைச் சொல்லில் வசவாக மாற்றி நாம் பேசிப் பழகிவிட்டோம். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் நில எல்லைத் தகராறு கம்பெனி வருவதற்கு முந்தியே இருந்தது. கம்பெனிக்குச் சிப்பாயாக நின்றவனும், அரிசி விற்றவனும், மாடு கொடுத்தவனும் எல்லாப் பாளையத்திலும் எல்லாச் சாதியிலும் இருந்தான். சிலர் பயந்து, சிலர் கூலிக்கு, சிலர் பழைய பகைக்கு. ஒரு குடும்பத்தின் பெயரை மட்டும் பழிச்சொல்லாக்கி மற்றவர்களை மறந்துவிடுவது நியாயமான கணக்கல்ல.

மே 21-ஆம் தேதி கர்னல் அக்னியூ வந்து பொறுப்பேற்றார். மலையாளக் கரையிலிருந்து 77-ஆம் ரெஜிமென்ட், இலங்கையிலிருந்து மலாய் வீரர்கள் என்று கடலோரமெங்கும் இருந்த காவல்களிலிருந்து ஆள் திரட்டியிருந்தார்கள். டச்சுக்காரனிடம் கூலிக்கு இருந்த ஜாவாக்காரனின் பிள்ளை, டச்சுக்காரன் தோற்றபின் ஆங்கிலேயனின் சிப்பாயாகி, நம் கரிசல் காட்டில் வந்து நின்றான். 24-ஆம் தேதி கோட்டை விழுந்தது. காயத்தோடு தப்பிய ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். போர் மேலும் ஐந்து மாதம் ஓடியது. அக்டோபரில் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16-ஆம் தேதி ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். கோட்டையை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பது இன்றும் ஊர்ப்பேச்சு. ஊர்ப் பெயரையே கணக்கிலிருந்து நீக்க உத்தரவானது.

ஒட்டப்பிடாரத்திலும் பாஞ்சாலங்குறிச்சி அருகிலும் அந்தப் போர்களில் இறந்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் தமிழ்நாடு அரசு எழுப்பிய நினைவுக்கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தக் கல்லறைகளையும் போய்ப் பாருங்கள். அதிகாரிகளுக்குக் கல் உண்டு. அதே நாளில், அதே சுவரடியில் செத்த சிப்பாய்க்கு எங்கும் கல் இல்லை. டோலிக்காரனுக்கும் மாட்டுக்காரனுக்கும் கேட்கவே வேண்டாம். சண்டை போட்ட இரு தரப்பிலும் பெயர் இல்லாமல் போனவர்கள் நம் ஜனங்கள்தான்.

வெல்ஷின் பிற்கால வாழ்க்கை இந்தக் கதையை இன்னும் இரண்டு ஊர்களுக்குக் கொண்டுபோகிறது. புதுத் தலைப்பாகை உத்தரவால் 1806 ஜூலையில் வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்தார்கள். அந்த நடுக்கம் அடங்காத நவம்பரில் பாளையங்கோட்டைக் காவற்படையின் தலைவராக வெல்ஷ் இருந்தார். தம் சிப்பாய்களும் சதி செய்கிறார்கள் என்று யாரோ காதில் போட்டதை நம்பி, இந்திய அதிகாரிகளைச் சிறைவைத்தார். நூற்றுக்கணக்கான முஸ்லிம் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்துக் கோட்டையை விட்டு வெளியே தள்ளினார். பிறகு ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பாஞ்சாலங்குறிச்சிச் சுவரடியில் கம்பெனிக்காக நின்றவர்களின் பட்டாளங்களுக்கே அந்த மரியாதை. அந்நியப் படை எத்தனை வருஷம் ஓர் ஊரில் இருந்தாலும் பயத்தோடுதான் தூங்கும் என்பதற்கு அந்த நவம்பரைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு ஊர் பினாங்கு. 1802 பிப்ரவரி 11-ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து போர்க்கைதிகள் 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களில் ஒருவர், பதினைந்து வயதுப் பையன். 1818-இல் பினாங்குக்குப் போன வெல்ஷின் முன்னால் தளர்ந்துபோன ஒருவர் வந்து நின்றார். வெல்ஷுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. துரைசாமி என்று பெயர் சொன்னதும்தான் தெரிந்தது. போருக்கு முன்னால், சிறுவயல் வீட்டில் சின்ன மருது தமக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததை அதே புத்தகத்தில் நன்றியோடு எழுதியவர் வெல்ஷ். அந்தக் கையின் பிள்ளை முப்பது சொச்சம் வயதில் கிழவனாகி எதிரே நிற்கிறான். மனம் குத்துப்பட்டதாக எழுதுகிறார். ஆனால் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை, செய்யவுமில்லை. பினாங்கிலும் காவற்படை இருந்தது, அரிசி அளந்தார்கள், கைதிகளைக் கொண்டு வேலை வாங்கினார்கள்.

துரைசாமியின் பெயராவது தெரியும். அவரோடு கப்பலேறிய மற்றவர்களின் ஊரும் குடும்பமும், கயத்தாற்றுத் தண்டுக்கு மாடு கொடுத்தவர்களின் பட்டியலும், அரிசி வாங்கிய விலையும் கம்பெனிக் காகிதங்களில் இருக்க வேண்டும். கம்பெனி எதை விட்டாலும் செலவுக் கணக்கை விடாது. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து ராணுவ, வருவாய்த் தொகுதிகள் உள்ளன. கோவில்பட்டி, தூத்துக்குடி, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் யாராவது 1799 முதல் 1802 வரையான தொகுதிகளை எடுத்து, மாட்டுக்காரன் பெயரையும் டோலிக்காரன் பெயரையும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தால், எடை, அளவு, வராகன் கணக்கைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க நான் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.